தெருமுனை மணி

எங்கள் மட்டாஞ்சேரித் தெருவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்க வருபவர் அவர். ஒல்லி உடம்பு. சட்டைக் காலரின் பின்பக்கம் எப்போதும் ஒரு குடை தொங்கும். தெருமுனையிலேயே சைக்கிள் மணியை அடிக்கத் தொடங்கிவிடுவார். குறுக்கே ஒரு பூனைகூட இருக்காது. ஆனாலும் எங்கள் வாசல் வரும்வரை நிறுத்தமாட்டார்.

அந்த நேரம் எங்களுக்குப் போதும். வீட்டுக் கரண்டில் மாவரைத்து விற்கக் கூடாது. அதற்குக் கடைக் கட்டணம், யூனிட்டுக்குக் கூடுதல் விலை. அதைக் கட்டினால் மாவில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. மணி கேட்டதும் என் மனைவி கிரைண்டர்களை நிறுத்திப் போர்வையால் மூடிவிடுவாள்.

ஓணத்துக்கு முந்தின வாரம் அவள் வாசலில் நின்று அவரிடம் ஒரு பாக்கெட் மாவை நீட்டினாள். “சேட்டா, நீங்க தூரத்துலயே மணி அடிக்கிறதாலதான் எங்க பொழப்பு ஓடுது.”

பக்கத்து வீட்டார் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் முகம் வெளுத்தது. மாவை வாங்கவில்லை.

“நான் நாய்க்குப் பயந்து அடிக்கிறதாக்கும், சேச்சி. இப்படியெல்லாம் வெளியில பறயாதீங்க.”

அடுத்த முறை சைக்கிளை உருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எங்களை நிமிர்ந்து பார்க்காமல் அதையும் எழுதிக்கொண்டு போனார்.

தெரியாததுபோல் இருந்ததுதான் அவர் செய்த உதவி. அதைத் தெருவறியச் சொல்லிவிட்டோம்.

இப்போது கடைக் கட்டணம்தான். எதையும் மூட வேண்டியதில்லை. ஆனாலும் அவர் வரும் நாளில் என் மனைவி கிரைண்டரைச் சற்று நிறுத்திவிட்டு, தெருமுனைப் பக்கம் காது கொடுத்து நிற்கிறாள்.