தியேட்டரில் உருண்ட மாம்பழம்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் முதலமடையில் பாறையைப் பிளந்து கிணறு வெட்டினேன், மாந்தோப்பு வைத்தேன், மண்டி கட்டினேன், லாரியும் வாங்கினேன். ஆனாலும் இன்று காலை மண்டியில் வைக்கோலைப் பிரித்தபோது எழுந்த பழவாசனை, பாலக்காட்டில் எப்போதோ இடித்துவிட்ட தியேட்டரின் இருட்டில், அப்பாவின் பக்கத்தில் என்னைச் சின்னப் பையனாக உட்காரவைத்துவிட்டது. வெள்ளைக்காரர்களின் பேய்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது; அதில் தலையை வெட்டியவனே எல்லோருக்கும் மரியாதையாகத் தேநீர் ஊற்றிக் கொடுக்க, சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் சனம் பீடிப் புகைக்குள் மூச்சடக்கி இருந்தது. திரையில் ஒரு தலை மாடிப்படியில் உருண்ட நேரம், என் மடியிலிருந்த மாம்பழமும் நழுவிச் சரிவான சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு வரிசையாகத் தாண்டிக் கீழே உருண்டது. பிடிக்க வழியில்லை, அது போகும் சத்தத்தைக் கேட்டபடி இருந்தேன்.

"ஐயோ, தலை என்ற கால்ல வந்து முட்டுதுங்க" என்று முன்வரிசைக்காரர் ஒருவர் பெஞ்சு மேல் ஏறினார். தியேட்டரே எழுந்து கதவுக்கு ஓடியது.

"கம்முனு இரு கண்ணு, நம்ம பழம்னு சொல்லிப்போடாத" என்றார் அப்பா.

அவர் இருந்தவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படம் சனத்தை ஓடவைத்ததாக ஊரில் இன்னும் பேசுகிறார்கள். ஓடவைத்தது என் மாம்பழம். இனிமேல் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என் பேரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.