மருதமுத்துவின் மல்லித்தழை

"ரெண்டாப் பிரியணும், ஆனா நொறுங்கிரக் கூடாது" என்று விதையிடமே சொல்லிக்கொண்டு, கொல்லையில் குந்தியிருக்கிறார் மருதமுத்து. பலகையில் கொத்தமல்லி விதை. அதன்மேல் படுக்கவைத்த டம்ளர் மெல்ல உருள்கிறது. ஷிப்ட் முடிந்து வந்தால் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்ற மாட்டார். வாரம் ஒரு வரிசை விதைத்தாக வேண்டும்.

பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் பக்கெட் வீல் ஓட்டுகிறவர். அந்த இரும்புச் சக்கரம் சுற்றினால் குன்று சரியும். அதே கை ஒரு விதைக்கு இவ்வளவு பயப்படுகிறதே, அடேயப்பா! கதவோரம் நிற்கும் பார்வதிக்கு, கட்டின மனுஷன் இவர்தானா என்று நம்பவே முடியாது.

எல்லாம் அவளுக்காகத்தான். தை மாதத்துக் காய்ச்சல் போனபோது அவள் மூக்கின் வாசனை உணர்வையும் கொண்டுபோய்விட்டது. பால் தீய்ந்தாலும் தெரிவதில்லை. "சோறும் மண்ணும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று தட்டைத் தள்ளித் தள்ளி ஆள் பாதியாகிவிட்டாள். போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். மருதமுத்துவுக்கு அந்தப் பொறுமை ஏது? "மல்லித்தழைக்கு மசியாத மூக்கு உண்டாட்டி? கடைத்தழை வாடினது. செடியில கிள்ளின கையோட மோந்து பாரு" என்றார்.

முதல் பாத்தி பாழ். திருநெல்வேலிப் பக்கம் விறகுச் சாம்பல் போட்ட பழக்கத்தில், லெக்கோ என்கிற சுரங்கக் கரி எரிந்த அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாகக் கொட்டிவிட்டார். முளைத்ததெல்லாம் கருகிப்போயிற்று. பக்கத்து வீட்டுத் தனம், குறிஞ்சிப்பாடிக்காரி, வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, கரிச் சாம்பலப் போட்டுகினு கீறீங்க! அது பயிரைச் சுட்டுடுங்க."

மனுஷனுக்கு ரோஷமே வரவில்லை. மண்ணை வெட்டியெறிந்தார். மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிளில் செம்மண் சுமந்தார். தனம் கொடுத்த எருவைக் கலந்து, மறுபடி டம்ளரோடு குந்திவிட்டார். இந்தத் தடவை பச்சைப் பசேலென்று வந்தது.

தழை வந்தது, வாசனைதான் வரவில்லை. தினமும் ஒரு கொத்துக் கிள்ளி நீட்டுவார். "ஒண்ணுந் தெரியலிங்க" என்பாள் பார்வதி. அவர் முகத்தைப் பார்க்கத்தான் அவளுக்குப் பாவமாக இருக்கும்.

இன்றும் நீட்டினார். கசக்கி மூக்கில் வைத்தவள், கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு மெல்ல அவர் பக்கம் திரும்பி மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, சட்டை என்ன இந்த நாத்தம் நாறுது? கிரீஸா? மொதல்ல போய்க் குளிங்க!"

மருதமுத்து குளிக்கப் போகவில்லை. கிரீஸ் படிந்த சட்டைக் கையை இன்னொரு தரம் அவள் மூக்கருகே நீட்டினார்.