கொமுரவ்வாவின் நடு இடம்

கொமுரவ்வாவுக்கு ஒரு கணவன், இரண்டு எருமைகள். மூன்றையும் ஒரே குரலில்தான் அதட்டுவாள். பக்தி என்று சொல்லிக்கொள்ள அவளிடம் எதுவும் இல்லை. ஆனால் பூவை அடுக்கி அம்மனாகக் கும்பிடும் பதுக்கம்மா பண்டிகையின் கடைசி நாளில், பூ அடுக்கிய தாம்பாளங்களை ஊர்ப் பெண்கள் குளக்கரையில் இறக்கி வைத்துச் சுற்றி ஆடும்போது, நடுவில் இருப்பது அவளுடையதாக இருக்க வேண்டும். எது உயரமோ அதற்குத்தான் நடு இடம். இருபத்தாறு வருஷமாக அவளை யாரும் அசைத்ததில்லை.

எங்கள் பக்கம் ஆவாரம்பூ இல்லாமல் பதுக்கம்மா அடுக்க மாட்டார்கள். கொமுரவ்வா வடக்குக் குன்றில் ஏறி ஒரு மூட்டை பறித்து வருவாள். தேனீ கொட்டினால் தேனீயைத் திட்டுவாள், அதன் அம்மாவையும் சேர்த்து.

அந்த வருஷம் குன்றைக் கல்லுக்காக வெட்டிவிட்டார்கள். அவளுக்குக் கிடைத்தது ஒரு மடிப் பூதான்.

"கடையில சாமந்தி வாங்கிக்கயேன்" என்றான் கணவன்.

"சாமந்தி பொணத்துக்கும் போடுவாங்க. நீ வாங்கி வச்சுக்கோ."

கதவைச் சாத்திக்கொண்டு, நீலப் பிளாஸ்டிக் பக்கெட்டைத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். அதைச் சுற்றி நூல் கட்டி ஆவாரம்பூவைச் செருகினாள். உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரம்மா என்ற அம்மன். நடு இடம் கிடைத்தது.

ஆடிப் பாடி முடித்து, வழக்கம்போல முழுகட்டும் என்று எல்லாரும் பூ அடுக்குகளை நீரில் விட்டார்கள். மற்றவை நகர்ந்து போயின. கொமுரவ்வாவின் பூக்கள் மட்டும் சீக்கிரமே உதிர்ந்தன. வெறும் பக்கெட் காற்றில் கரைக்குத் திரும்பியது.

மருந்துக்கடைக்காரர் மனைவி ஸ்வரூபாதான் முதலில் பார்த்தாள். பல வருஷமாக அவளுக்கு இரண்டாம் இடம்.

"அக்கா, உங்க பதுக்கம்மாவுக்குப் போக மனசில்ல பாருங்க. கைப்பிடியோட திரும்பி வர்றா."

கரை முழுக்கச் சிரிப்பு. கொமுரவ்வா இடுப்பளவு நீரில் இறங்கிப் பக்கெட்டைப் பிடித்தாள்.

"நல்லாச் சிரிங்கடி. உங்களோடது முழுகுறத பார்த்துட்டுத்தான் நான் ஏறுவேன்."

"இருட்டப் போகுதுக்கா, வாங்க" என்றாள் ஸ்வரூபா.

"உனக்கு என்னடி அவசரம்?"

காற்று வலுத்தது. ஸ்வரூபாவின் சாமந்தி பிரிந்தது. உள்ளே மருந்து வந்த தெர்மாகோல் பெட்டி. அதன் பின்னால் இன்னும் நான்கு பெட்டிகள், ஒரு எண்ணெய் கேன். எல்லாம் ஊர்வலமாகக் கரை சேர்ந்தன. சிரிப்பு நின்றது. அவரவருடையதை முந்தானையில் மறைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

மறு வருஷம் கொமுரவ்வா பஸ் ஏறிப் போய்ப் பறித்து வந்தாள். அடுக்கியது ஒரு சாண் உயரம்தான். அதைக் கொண்டுவந்து நேராக நடுவில் வைத்தாள்.

"இதையா நடுவுல வைக்கிறீங்க?" என்றாள் ஸ்வரூபா.

"இது முழுகும்டி."

யாரும் எடுக்கச் சொல்லவில்லை.