சந்துக்கே ஒரு சந்தா

இம்பாபாப் பேட்டையில், ரொட்டிக் கடைக்குப் பின்னால் வளைந்து போகும் எங்கள் சந்தில், டிவி கேபிள் விடும் ரகப் உஸ்தாவின் வயர் நுழையாத வீடு கிடையாது. மொட்டை மாடியில் நாலு டிஷ், மூன்றாம் மாடியில் அவர் அறைச் சுவர் முழுக்க ரிசீவர்கள், அங்கிருந்து துணி காயும் கொடிகளோடு பின்னிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போகும் கறுப்பு வயர்கள். மாதத்துக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் போதும், அறுபது வீடும் டிவி பார்க்கும். சட்டத்தைக் கேட்டால் திருட்டு என்று சொல்லும். சந்தில் சட்டத்தை யாரும் கேட்டதில்லை.

மனைவி பத்ரிய்யா உயிரோடு இருந்தவரை அவருக்குக் கவலையே இருந்ததில்லை. படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று யாராவது கீழே நின்று கத்தினால், அவள் ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போடுவாள். புகார் சொன்னவரே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் ரகப் எல்லாருக்கும் "சரி, சரி" என்று சொல்லும் மனிதராகிவிட்டார். ஒரே மகள் நஷ்வா ரயிலேறிப் போகும் தூரத்தில், தமன்ஹூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வீட்டில் அவருக்குத் துணை ரிசீவர்களின் சூடுதான்.

அந்த வருஷ ரமளானுக்கு முன்னால் சேனல்காரர்கள் எல்லாரும் ஒன்றுகூடி ஒரு காரியம் செய்தார்கள். நெய் விளம்பரத்தையும் சோப்பு விளம்பரத்தையும் நடுவில் சொருகி இத்தனை காலம் இலவசமாகக் காட்டிவந்த ரமளான் நாடகங்களை ஒரு செயலிக்குள் போட்டுப் பூட்டினார்கள். சாவி வேண்டுமென்றால் மாதச் சந்தா. டிவியிலும் வரும், ஆனால் மறுநாள் மத்தியானம், நோன்பில் நாக்கு வறண்டு கிடக்கும் நேரத்தில். அதற்குள் கதை முழுவதையும் காய்கறிக்காரன் சொல்லி முடித்திருப்பான். அப்படிப் பார்ப்பதும் ஒன்று, பார்க்காமல் இருப்பதும் ஒன்று.

காப்பிக் கடையில் முதலில் வாயைத் திறந்தவர் நாவிதர் கரீப்.

"என்ன உஸ்தா, இந்த ரமளான் பூரா உன் மூஞ்சியைத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?"

"என் மூஞ்சிக்கு என்னய்யா? விளம்பரம்கூட நடுவுல வராது."

"சிரிக்காதே. பக்கத்துச் சந்துல ஸக்லூல் அந்தச் செயலியையே வயர்ல விடப்போறானாம். எங்க மாடிக்காரங்க அவன்கிட்ட பேசிட்டாங்க."

"ஸக்லூலா? அவன் வீட்ல பல்பு மாட்டவே ஆள் கூப்பிடறவன்!"

"அப்போ நீ விடுவியா?"

"விடுவேன்."

"தினமும்? நடுவுல காய்ச்சல், கண்ணுவலின்னு சொல்லமாட்டியே?"

சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரகபுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பத்ரிய்யாவோட ஆத்மா மேல சத்தியம்! பெருநாள் வரைக்கும் ஒரு ராத்திரிகூட விட்டுப்போகாது. போச்சுன்னா மறுமையில அவ என் மூஞ்சிலயே முழிக்க வேண்டாம்!"

சிரிப்பு நின்றுவிட்டது. அல்லாஹ் மீது சத்தியம் என்பது எங்கள் சந்தில் தக்காளி பேரம் பேசும்போதுகூட வரும். செத்துப்போனவர் பெயரில் சொல்வது அப்படியில்லை. அதைக் கேட்ட அத்தனை பேரும் சாட்சி, அத்தனை பேரும் காவல். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறியவரோடு ஒருவரும் ரொட்டி பிட்டதில்லை.

ரகப் தன் போன் நம்பரில் ஒரு சந்தா வாங்கினார். ஒரு சந்தாவுக்கு ஒரு திரைதான். அவர் போனைக் கம்பியால் ஒரு பெட்டியோடு இணைத்து, பெட்டியை வயர்களோடு இணைத்தார். போனில் என்ன தெரிகிறதோ அது அறுபது வீட்டிலும் தெரியும். முதல் நாள் இரவு தராவீஹ் தொழுகை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்ததும் 'பருத்தி வியாபாரியின் விதவை' திரையில் வந்தபோது, பெண்கள் ஜன்னலுக்கு ஜன்னல் குலவையிட்டார்கள். ரகப் படுக்கையில் உட்கார்ந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்ரிய்யா இருந்திருந்தால் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பாள் என்று நினைத்தார்.

இரண்டாம் நாளே சங்கதி புரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை செயலி படத்தை நிறுத்திவிட்டு, இன்னும் பார்க்கிறீர்களா என்று கேட்டது. உடனே தொடாவிட்டால் சந்து முழுக்க ஒரே கூச்சல். திடீரென்று ரகசிய எண் கேட்கும், அது மெசேஜில் வரும், அதனால் மெசேஜை அணைத்து வைக்கவும் வழியில்லை. ஒருநாள் விதவை கதறி அழுதுகொண்டிருக்கும்போது திரையின் தலையில் மருத்துவமனைச் செய்தி வந்து நின்றது: திரு. ரகப் அவர்களுக்கு மூல நோய்ச் சிகிச்சை வியாழக்கிழமை. மறுநாள் கீழ் வீட்டு உம்மு தஹானி உட்காருவதற்கு மெத்தென்று ஒரு திண்டு கொடுத்தனுப்பினாள். தெருவில் போனால் பையன்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "மெதுவா உஸ்தா, மெதுவா" என்றார்கள்.

ராத்திரி காப்பிக் கடைக்குப் போகக்கூட முடியவில்லை. ஒருமுறை கரீபிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வருவதற்குள் கரீப் நாடகத்தை விட்டுப் பந்தாட்டத்தைப் போட்டுவிட்டார். மாடிக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் கைகலப்பு. ரகசிய எண்ணைத் தப்பாக அடித்ததில் செயலியும் பூட்டிக்கொண்டது. ரகப் ஓடிவந்து திறந்த பிறகுதான் சந்து மூச்சுவிட்டது. இனி வேறு எவன் கையிலும் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே எல்லாருமாகத் தீர்மானித்துவிட்டார்கள். அது மரியாதை என்று அவர்கள் நினைத்தார்கள். கழுத்தில் விழுந்த கயிறு என்று ரகபுக்குத்தான் தெரியும்.

ரமளான் பாதியில் தமன்ஹூரிலிருந்து காலையில் போன் வந்தது. நாள் இருக்கும்போதே நஷ்வாவுக்குப் பிரசவம் ஆகிவிட்டது.

"பாபா, பொண்ணு! மூக்கு அப்படியே அம்மா மூக்கு."

"பாவம், மூக்கு போகட்டும். குரல் எப்படி?"

"ஆஸ்பத்திரியே எந்திரிச்சு உக்காந்துடுச்சு."

"அப்போ அவதான்," என்றார் ரகப்.

"பாபா, ஏழாம் நாள் விழாவுக்கு நீங்க கண்டிப்பா வரணும். என் நாத்தனார் ஒரு பேரு வெச்சிருக்கா, மாமியார் ஒரு பேரு. நான் அம்மா பேரைச் சொல்லியிருக்கேன். பேர் சொன்னவங்கதான் மெழுகுவத்தி ஏத்தணுமாம், இவங்க வீட்ல அப்படித்தான். நான் பெத்தவ, நான் ஏத்தக் கூடாதாம். நீங்க வந்து ஏத்துங்க."

எந்த மெழுகுவத்தி கடைசிவரை எரிகிறதோ அந்தப் பெயர்தான் குழந்தைக்கு. ரகப் அன்றே கடைத்தெரு முழுக்க அலைந்து, இருப்பதிலேயே தடிமனான ஒன்றை வாங்கிவந்தார். பெருநாளைக்குப் பேரப்பிள்ளைக்கு எடுத்த பரிசுபோல் அதைத் துணியில் சுற்றி வைத்தார். அப்புறம்தான் ஏழாம் நாளை எண்ணிப் பார்த்தார். ரமளான் முடியவில்லை. நோன்பு திறந்த பிறகுதான் விழா. நாடகம் உண்டு. பத்ரிய்யாவின் பெயரைப் பேத்திக்கு வைக்க வேண்டுமென்றால், பத்ரிய்யாவின் மேல் செய்த சத்தியத்தை உடைக்க வேண்டும்.

பள்ளிவாசல் ஷேக்கிடம் போய்க் கேட்டார். ஷேக் தலையில் அடித்துக்கொண்டார். "செத்தவங்க மேல சத்தியம் பண்றதே தப்பு. அது செல்லவும் செல்லாது. பேசாம ரயிலேறு."

ரகபுக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. வரும் வழியில் கதவருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்த உம்மு தஹானியிடம் சொன்னார்.

"போய்ட்டு வா, தம்பி. பேத்தியைப் பாக்கறதை யாரு தடுப்பா?" என்றாள் அவள். நாலு தண்டு கீரையை ஆய்ந்தாள். "ஷேக் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நீ சொன்னது பத்ரிய்யா பேரை. பாவம், மண்ணுக்குள்ள கிடக்கறா. அவளுக்கு இந்தச் சந்துல ஒரு மரியாதை இருந்துச்சு. அவ்வளவுதான். நீ போய்ட்டு வா."

கரீபும் அப்படித்தான் சொன்னார். "தாராளமா போ. அன்னிக்குத்தான் விதவை விஷம் வைக்கிறாளாம். பரவாயில்லை, மத்தியானம் பாத்துக்கறோம். எங்க வீட்ல அழுவாங்க, அழட்டும்." போகாதே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது போயிருப்பார்.

விழாவை மத்தியானமே வைத்துக்கொள்ள முடியுமா என்று மகளிடம் கேட்டார். நோன்பு நேரத்தில் யார் வந்து என்ன சாப்பிடுவது என்று மாமியார் மறுத்துவிட்டாள்.

"பாபா, உங்களுக்கு நாடகம் பெரிசா?"

"நாடகம் இல்லடி கண்ணு. உங்கம்மா மேல சத்தியம் பண்ணித் தொலைச்சிட்டேன்."

"அம்மா கேட்டாங்களா?"

கடைசியில் அவளே இறங்கிவந்தாள். தராவீஹ் நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவாள், அவர் அங்கேயே மெழுகுவத்தியை ஏற்றிக் காட்ட வேண்டும், அதையும் கணக்கில் சேர்க்க மாமியாரைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். நாடகம் அதற்கப்புறம்தான். யாருக்கும் நஷ்டமில்லை. ரகப் அந்த வாரம் முதல்முறையாக ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ஏழாம் நாள் நோன்பு திறந்ததும் முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, மெழுகுவத்தியைத் தட்டில் நிறுத்தி, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளிவாசலில் தொழுகை தொடங்கியது. போன் வரவில்லை. இவர் கூப்பிட்டார், எடுக்கவில்லை. விருந்தாளிகள் வந்திருப்பார்கள், குழந்தையைக் கிடத்தும் சல்லடைக்கு அலங்காரம் நடக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தொழுகை முடிந்து செருப்புச் சத்தம் சந்துக்குள் வந்தது. கதவுகள் திறந்தன, தட்டுகள் வைக்கும் ஓசை கேட்டது.

"உஸ்தா! போடலியா?"

"இதோ," என்றார். கம்பியைப் போனில் சொருகினார்.

விதவை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மோதிரத்தைக் கழற்றினாள். விஷப் பொடி எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். சந்தில் ஒரு குழந்தையின் அழுகைகூட இல்லை. அப்போதுதான் போன் மணி அடித்தது. அறுபது டிவியிலும் மணி அடித்தது. அறுபது டிவியிலும் நஷ்வா என்ற பெயரும், கல்யாணத்தன்று எடுத்த அவள் படமும் வந்து நின்றன.

எடுத்தால் அவள் வீட்டுப் பெண்கள், முக்காடு இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் அத்தனை பேரும், இம்பாபாவின் அறுபது வீட்டுக் கூடத்தில் நிற்பார்கள். கம்பியைப் பிடுங்கலாம். பிடுங்கினால் செயலி மறுபடி எண் கேட்கும், அது எப்போது வருமோ. ரகபின் ஒரு கை கம்பியில் இருந்தது.

"உஸ்தா, வெட்டி விடு! கலக்கப் போறா!"

"யோவ், மக கூப்பிடுதுய்யா!"

"அப்புறம் பேசட்டுமே! ஒரு நிமிஷம்தான்!"

ஒரு நிமிஷம்தான் என்று ரகபும் நினைத்தார். இந்தக் காட்சி முடிந்ததும் கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். யார் கத்தினாலும் கத்தட்டும். சிவப்புப் பொத்தானைத் தொட்டார். தன் மகளை வெட்டி விட்டதைச் சந்தே பார்த்தது. விதவை பொடியைத் தேநீரில் கொட்டினாள். மறுபடி மணி. மறுபடி நஷ்வா. கீழே ஒரே இரைச்சல். ரகபின் விரல் மறுபடி அதே இடத்துக்குப் போயிற்று. தான் செய்வது அவருக்குத் தெரிந்தது, நிறுத்தத்தான் தெரியவில்லை.

விதவை தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மைத்துனர்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் குனிந்தபோது திரையின் பாதியை மறைத்துக்கொண்டு மெசேஜ் வந்தது. எழுத்துகள் டிவியில் பெரிதாகத் தெரிந்தன.

"பாபா, மெழுகுவத்தி எல்லாம் அணைஞ்சாச்சு. அம்மாவோடதை ஏத்த ஆள் இல்லை. குழந்தை பேர் தாலீன். நீங்க நிம்மதியா நாடகம் பாருங்க."

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். மெசேஜ் கொஞ்ச நேரம் நின்று, பிறகு தானே மேலே ஏறிப் போய்விட்டது. ஒரு வீட்டிலும் ஸ்பூன் சத்தம்கூடக் கேட்கவில்லை. ரகப் தட்டில் நின்ற மெழுகுவத்தியைப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்லமாட்டார்களா, திட்டவாவது மாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

கீழே ஒரு ஜன்னல் திறந்தது. உம்மு தஹானியின் குரல். மிகவும் தணிந்த, பரிவான குரல்.

"தம்பி, ரகப்... அவ அந்த விஷக் கிளாஸை யாருக்குக் குடுத்தா? எழுத்து வந்து மறைச்சிடுச்சு. கொஞ்சம் பின்னாடி தள்ளேன்."

ரகப் விரலைத் திரையில் வைத்துப் பின்னால் தள்ளினார். விதவை கூடத்திலிருந்து பின்னோக்கி நடந்தாள், பொடி தேநீரிலிருந்து காகிதத்துக்கு ஏறியது, மோதிரம் விரலுக்குத் திரும்பியது. அவர் விரலை எடுக்கவே இல்லை.

"அவ்வளவு தூரம் வேணாம் உஸ்தா!" என்று நாலைந்து ஜன்னல்களிலிருந்து கத்தினார்கள். "கொஞ்சம் போதும்!"