பெரம்பலூர் பஸ்ஸுக்கு ஒரு துணை

ஆறு வருடங்களுக்கு முன்னால், பி.காம். முடித்துவிட்டு செந்துறையில் வீட்டில் இருந்தபோது நடந்தது இது. எனக்கு எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் படிக்க ஆசை. அதற்குப் பெரம்பலூர் போக வேண்டும். தனியாக அனுப்ப மாட்டேன் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். துணைக்கு ஆள் தேடிய என் கண்ணில் பட்டவள், பள்ளியிலிருந்தே கூடப் படித்த தோழி.

அவளுக்கு அரியலூர் அரசுக் கல்லூரியில் எம்.காம். சீட் கிடைத்திருந்தது. அரியலூர் பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் போவார்கள் என்பதால் வீட்டிலும் சம்மதம். கணக்கில் புலி அவள். எனக்கே அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். "எம்.காம். படிச்சு என்னடி பண்ணப் போற? ஃபைனான்ஸ் கம்பெனில எல்லாம் எம்.பி.ஏ.தான் கேக்குறாங்க" என்று விடாமல் அரித்தேன். யார் சொல்லி எனக்குத் தெரியும்? யாரும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு ஓர் ஆள். பாவி என்னை நம்பி, கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வந்தாள்.

ஒன்றரை மாதம் சேர்ந்து போனோம். அப்போது திருச்சியில் ஒரு நல்ல கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டல் என்றதும் அப்பாவும் தலையாட்டிவிட்டார். எனக்குக் கசக்குமா? கிளம்புவதற்கு முதல் நாள்தான் அவளிடம் சொன்னேன். "போயிட்டு வாடி, நான் பாத்துக்குறேன்" என்றாள். அவளால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. தனியாகப் போக வேண்டாமென்று இரண்டே வாரத்தில் அவளுடைய அப்பா நிறுத்திவிட்டார். எம்.காம். சேர்க்கை அதற்குள் முடிந்திருந்தது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம்.

இப்போது நான் அரியலூரில் ஒரு வங்கியில் அதிகாரி. போன மாதம் அவள் தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எம்.காமா, எம்.பி.ஏ.வா என்று என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் மார்க் ஷீட்டை வாங்கிப் புரட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளே அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "எது வேணாலும் படி. ஆனா, கூட யாரு வந்தாலும் வராட்டியும் நீ ஒருத்தியா போயிட்டு வர்ற இடமா பாத்து சேரு."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டாள். மேஜைமேல் பெயர்ப்பலகையில் என் பெயருக்குப் பின்னால் இருக்கும் எம்.பி.ஏ.வைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பக்கத்து சீட்டில் அவளை உட்காரவைத்ததும் நான்தான், பாதி வழியில் இறக்கிவிட்டதும் நான்தான் என்று மனசு அடித்துக்கொள்கிறது.