மெஷினுக்குக் காட்டாத சூடம்

ஊசி போடும் முன் நர்ஸ் ஒரு சின்ன உறையைக் கிழித்து, ஈரத் துணியால் கையைத் துடைப்பாரே, அதைத் தயாரிக்கும் ராஜபாளையம் கம்பெனி ஒன்றில்தான் எனக்கு வேலை. அந்த ஈரம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். எங்கள் ஆட்களுக்கு வெறும் ஸ்பிரிட். பெட்ரோல் மாதிரி குப்பென்று பற்றிக்கொள்ளும். பாதுகாப்பு என் பொறுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து, செல்போனை வெளியே வை, நைலான் சேலை கட்டாதே, உரசினால் பொறி கிளம்பும், டிரம்முக்கு எர்த் ஒயர் மாட்டு என்று நாள் முழுக்கக் கத்திவிட்டுத் திரும்புவேன். என் தலையைக் கண்டாலே பேச்சு நின்றுவிடும். பழகிப்போயிற்று.

ஆயுத பூஜைக்கு முன்பே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். துணியை வெட்டி ஸ்பிரிட்டில் நனைக்கும் மெஷின் இருக்கிற ஸ்பிரிட் ரூமில் சந்தனம், குங்குமம் சரி, நெருப்பு மட்டும் கூடாது. நன்றாகத் தலையாட்டினார். பூஜையன்று தட்டில் சூடம் எரிய, ஒவ்வொரு மெஷினுக்காகக் காட்டிக்கொண்டு நேராக அந்தக் கதவுக்குத்தான் வந்தார். பின்னால் எல்லோரும். நான் கதவை மறித்து நின்றேன்.

"இன்னைக்கு மெஷினே ஓடலையேம்மா" என்றார்.

"ஓடாட்டி என்ன அண்ணாச்சி, உள்ள ஸ்பிரிட்டு இருக்கே. ஃபேனையும் அமத்தியாச்சு. அதோட ஆவி தரையோட கெடக்கும், கண்ணுக்குத் தெரியாது."

உள்ளே அந்த மெஷினை ஓட்டும் சோழபுரத்து அக்கா காலையில் அதைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். எதைக் கொண்டு? ஸ்பிரிட்டைக் கொண்டுதான். பூஜைக்காம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அக்கா விடவில்லை.

"ஏட்டி, எல்லா மெஷினுக்கும் காட்டியாச்சு. எம் மெஷின் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? நாள் பூரா அதுக்குள்ள கைய விடுதவ நான். செத்த நேரம் காட்டிட்டு வந்திருதேன்."

"வேணாங்க்கா. உசுரோட வெளிய வர மாட்டோம்."

"நல்ல நாள்ல பேசுத பேச்சாட்டி இது?"

பொரிப் பொட்டலம்கூட வாங்காமல் போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, அலுப்புதான் வந்தது.

மறு வாரம் அக்காவின் விரல் நுனி அந்த மெஷினின் பிளேடில் போயிற்று. மூடியைத் திறந்து வைத்து ஓட்டியிருக்கிறார், அதுதான் காரணம். அதையும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஆனால் அதைக் கேட்க அன்று ஒருவரும் தயாராக இல்லை. அந்த மெஷினுக்குச் சூடம் காட்டவிடாத என்னையே எல்லோரும் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா மெல்லச் சொன்னார். "நான் உன்ன ஒண்ணும் சொல்லலட்டி."

சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். போன விரலை ஊரே பார்க்கும். பற்றிக்கொள்ளாமல் போன நெருப்பை நான் யாருக்குக் காட்டுவது? அடுத்த ஆயுத பூஜைக்கும் நான்தான் அந்தக் கதவை மறிக்க வேண்டும். அப்போது எதிரே நின்று தட்டை நீட்டுவது அந்தக் கையாகத்தான் இருக்கும்.