எட்டடி நாலேமுக்கால்

நினியன் பர்வெஸிடம் யாரும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுச் சும்மா நகர்ந்துவிட முடியாது. சொன்ன எண்ணை அவன் திருப்பிச் சொல்வான். தேவாலயத்தில் பாட்டுக்காரர் "நூற்று இருபத்தொன்றாம் சங்கீதம்" என்று அறிவித்தால், பின்வரிசையிலிருந்து "நூற்று இருபத்தொன்று" என்று ஒரு குரல் வரும். சபையே தோளைக் குலுக்கிக்கொண்டு சிரிக்கும். நியூஹேவன் மீனவர் குப்பத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரி இஷபெல்லுக்கு இதில் தீராத வேடிக்கை.

"எட்டு மீன் இருக்குய்யா."

"எட்டு."

"அதைத்தானே நானும் சொன்னேன்! உம்மை வச்சுக்கிட்டு உம்ம வீட்டுல கிளி வேற எதுக்கு?"

ஊர் அவனுக்கு 'எதிரொலி' என்று பேர் வைத்துவிட்டது. அவன் கோபித்துக்கொண்டதில்லை. நாற்பத்திரண்டு வயது, கல்யாணமில்லை, கட்டடக்கலைஞர் டல்கார்னோவின் அலுவலகத்தில் ஜன்னலோரப் பலகையில் படம் வரைகிற வேலை. இப்படி ஓர் ஆளுக்கு ஒரு கிறுக்குகூட இல்லாவிட்டால் எப்படி என்று ஊர் விட்டுவிட்டது. ஊர் எதைத்தான் ஆழம் பார்த்திருக்கிறது?

அந்த நாளில் எடின்பரோவுக்குக் கிரேக்கப் பித்து முற்றியிருந்தது. 'வடக்கத்தி ஆதென்ஸ்' என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்டார்கள். வேறு யாராவது அழைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தூண், வங்கிக்குத் தூண், ஓட்ஸ் கஞ்சி குடிக்கிற வக்கீல் வீட்டு வாசலுக்கும் இரண்டு தூண். இந்தப் பித்தில் பாதிக்கு டல்கார்னோதான் காரணம். மற்றவர்கள் புத்தகம் பார்த்து வரைந்தபோது அவர் கிரேக்கத்துக்கே போய், பாழ்கோயில்களை முழம் முழமாக அளந்து வந்து, அளவுகளைச் செப்புத்தகட்டுப் படங்களாக அச்சிட்டவர். "மயிரிழை பிசகாது" என்பது அவர் பெருமை.

அளந்தது அவரில்லை. குடைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது அவர். அளந்தது கிடியன் லெய்ட்லா, எழுதியது நினியன்.

முறை இதுதான். கிடியன் மேலே, கப்பல் கழிகளைக் கட்டிய சாரத்தில், அளவுநாடாவோடு. நினியன் கீழே, நோட்டோடு. மேலே இருப்பவன் எண்ணைக் கத்துவான். கீழே இருப்பவன் அதைத் திருப்பிக் கத்திவிட்டுத்தான் எழுதுவான். பதில் காதில் விழாமல் மேலே இருப்பவன் நாடாவிலிருந்து கையெடுக்கக் கூடாது. நான்கு மாதம், பல நூறு எண்கள், ஒன்றுகூடத் தவறவில்லை.

பதினான்கு வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் காலை, ஆதென்ஸுக்குத் தெற்கே ஒரு கடல்முனைக் கோயிலில், கிடியன் தூணின் உச்சியில், அதன் கழுத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது சாரத்திலிருந்து விழுந்து செத்தான். அப்போது அருகில் நினியனைத் தவிர யாருமில்லை.

நினியன் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கிடியனின் அக்கா கிரிசலிடம் போனான். அவள் கையுறை தைத்துப் பிழைப்பவள்; தம்பியைத் தவிர நாதியில்லை. அவள் அழுதுகொண்டே கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசியா என்ன சொன்னான்?"

"பேய்க்காத்துக்கா. ஒண்ணும் காதுல விழல," என்றான் நினியன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மதியம் அவனுக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு. பார்லி சூப்பை ஊற்றிக்கொண்டே, "அந்தப் பாழாப்போன காத்து மட்டும் இல்லேன்னா ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கும்," என்பாள். "ஆமாக்கா," என்பான். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுவான். ஒரு ஞாயிறுகூடப் போகாமல் இருக்கவும் அவனால் முடியவில்லை.

குன்றின்மேல் டல்கார்னோ கட்டிய புது வாசகசாலை அந்தக் கோயிலின் நகல்தான். தூண் நிறுத்தியபோது கொத்தர்கள் மேலிருந்து அளவு கத்துவார்கள். கடல்மூட்டம் இறங்கிய நாட்களில் ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். தெருவில் போகிற நினியன் நின்று, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் போவான். எல்லாக் குரலும் ஓய்ந்தபிறகும், மூட்டத்துக்குள்ளிருந்து அவனுக்கு மட்டும் ஓர் எண் கேட்கும். அதற்கு மட்டும் அவன் பதில் சொன்னதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாக நடப்பான்.

கட்டி முடித்ததும் ஊர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. தூண்களின் கழுத்து தடித்திருந்தது. 'நகரசபைக்காரர் கழுத்து' என்று இஷபெல்கூடக் கிண்டலடித்தாள். டல்கார்னோவுக்கு இது முள்ளாய்த் தைத்தது. அதே சமயம் ஆதென்ஸ் போயிருந்த அவர் மருமகன், அங்கே அசல் தூணின் கழுத்து புத்தகத்தில் உள்ளதைவிடச் சிறுத்திருக்கிறது, அளந்து அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தான். டல்கார்னோ யோசித்தார். இரண்டாம் பதிப்பில் ஒரு குறிப்பு போதும்: 'கழுத்தளவு, காலஞ்சென்ற லெய்ட்லாவின் பிழை.' செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

"இதை அழகா எழுதிக் கொடு, பர்வெஸ்," என்று துண்டுக்காகிதத்தை நினியன் பலகையில் வைத்தார்.

மூன்று நாள் அவன் மையைத் தொட்டான், பேனாவைத் துடைத்தான், மறுபடி மையைத் தொட்டான். ஓர் எழுத்துகூட விழவில்லை. நாலாம் நாள் காலை, விஷயம் எப்படியோ காதில் விழுந்து, கிரிசல் சால்வையோடு அலுவலகத்துக்குள் வந்து நின்றாள். டல்கார்னோவின் கையில் மருமகனிடமிருந்து அன்று வந்த கடிதம் இருந்தது, முத்திரை உடைக்காமல்.

"என் தம்பி அளவு பிசகாதுங்கய்யா," என்றாள்.

"அம்மா, எண் இதுக்குள்ள இருக்கு. உடைச்சா உங்க தம்பி லட்சணம் தெரிஞ்சிடும். எதுக்கு வீண் மனவருத்தம்?"

அவள் நினியன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லேன்டா. நீதானே கீழ நின்னே."

நினியன் எழுந்தான். "பிழை என்னுதுய்யா. எனக்கு... காதுல விழல. 'ஒம்பதடி ஆறங்குலம்'னு நானா இட்டுக்கட்டி எழுதிட்டேன்."

இது பாதி உண்மை. பாதியோடு தப்பித்துவிடலாம் என்று அந்தப் பாவி நினைத்தான். அவன் இடத்தில் யார்தான் நினைக்க மாட்டார்கள்?

டல்கார்னோ சிரித்தார். "செத்துப்போன சிநேகிதனுக்காகப் பழியை நீ சுமக்கிறியாக்கும்! நல்ல மனசுதான். ஆனா உன் வார்த்தையை எவன் நம்புவான்? நோட்டுல எண் இருக்கு, கூப்பிட்டவன் அவன். உட்காரு. உட்கார்ந்து எழுது."

கிரிசலின் முகம் சுருங்கிப்போனது. அவளுக்கும் அது இரக்கத்தில் சொன்ன பொய்யாகத்தான் பட்டது. "வேணாம்டா தம்பி," என்றாள் மெதுவாக. "பொய் சொல்லி அவன் மானத்தைக் காப்பாத்த வேணாம்."

அந்த 'தம்பி'தான் அவனை உடைத்தது.

"எட்டடி நாலேமுக்கால்," என்றான் நினியன்.

சொன்ன குரல் அவனுடையது போலவே இல்லை. கத்தினான். கீழே நிற்பவன் மேலே இருப்பவனுக்குக் கத்துகிற குரல். பக்கத்து அறையில் பேனாக்கள் நின்றன.

டல்கார்னோ முத்திரையை உடைத்தார். படித்தார். இன்னொரு முறை படித்தார். காகிதத்தை மேசைமேல் வைத்து, கிரிசல் பக்கம் தள்ளினார். எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் எண் அவளுக்குத் தெரியும். எட்டு. நாலேமுக்கால்.

தம்பி பிழை செய்யவில்லை என்ற சந்தோஷம் அவள் முகத்தில் முழுதாக வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது.

"அப்போ உனக்குக் கேட்டிருக்கு."

"கேட்டுச்சுக்கா."

"காத்து?"

"காத்தே இல்ல. அன்னிக்குக் காலையில சாப்பிடறப்ப அவன் என்னைக் கேலி பண்ணான். படத்துக்குக் கீழ தன் பேரு வரும், என் பேரு நோட்டோடயே போயிடும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. இன்னொரு தடவை கத்தட்டுமேன்னு விட்டுட்டேன். அவ்வளவுதான்க்கா. அதுக்கு மேல ஒண்ணும் நினைக்கல. நோட்டுல இடம் காலியா இருந்தா ஐயா கேப்பாரு; அந்த எண்ணை எழுதினா, கேட்டுச்சுன்னு ஆயிடுமே. அதான் வேற எழுதினேன்."

கிரிசல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டான்?"

"எண்ணை ரெண்டு தடவை சொன்னான். மூணாவது தடவை நான் இருக்கேனான்னு எட்டிப் பார்த்தான். 'நினியன்'னான்."

"எண்ணு ரெண்டு தடவை. பேரு ஒரு தடவை," என்று கிரிசல் திருப்பிச் சொன்னாள், குறித்துக்கொள்கிறவளைப் போல. பிறகு கதவைத் தானே சாத்திக்கொண்டு போனாள்.

அந்த ஞாயிறு அவள் மேசையில் ஒரு தட்டுதான் வைத்தாள்.